விளக்கம் தேவை

காபி இன்று சூடாக வந்திருக்கிறது. நாலு வருஷமாக இந்த ராஜ்பவனில் எனக்குச் சூடான காபி கிடைத்ததில்லை. சமையல்கட்டு அந்தக் கோடியில், என் அறை இந்தக் கோடியில், நடுவில் வெள்ளைக்காரன் கட்டின இருநூறு அடி வராந்தா. தலைப்பாகை கட்டிய ஒருவர் தட்டை ஏந்திக்கொண்டு விறைப்பாக நடந்து வருவதற்குள் ஆறிப்போகும். முதல் மாசம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன், நாக்கும் ஆறின காபிக்குப் பழகிக்கொண்டது. இன்று உதடு சுடுகிறது. யார் சொன்னார்கள், ஏன் இன்றைக்குப் பார்த்துச் சொன்னார்கள், இந்தக் கோப்பு என் மேஜைமேல் கிடக்கிற பதினோராவது நாளில். ஒரு கட்டடமே சேர்ந்து ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்த நினைத்தால் அவனிடம் ஏதோ வாங்கவேண்டியிருக்கிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் அவன் கிளம்பப்போகிறான் என்று அர்த்தம். என் பதவிக்காலம் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே நேற்றிலிருந்து மழை, இந்த ஊர் மழை நம்மூர் மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகாது, ஒரு விஷயத்தைச் சொல்ல வந்துவிட்டுச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி நாள் முழுக்கப் பெய்துகொண்டிருக்கும். சுவர்க்கடிகாரத்தில் பத்து அடித்து நாலு நிமிஷம். சனிக்கிழமை. ஒரு மணிக்கு அலுவலகம் மூடிவிடும். அதற்குள் ஒரு கையெழுத்து, அல்லது ஒரு கையெழுத்து இல்லாமை.

நரஹரி அந்தக் கோப்பை வைக்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். நரஹரி என் செயலாளர், இந்த மாநிலத்து ஐ.ஏ.எஸ்., முகத்தில் எதுவும் எழுதியிராத மனிதர். நான் சாயங்காலம் அந்தக் கோப்பை அடுக்கில் கடைசியில் தள்ளிவிட்டுப் போவேன், காலையில் வந்தால் அது மேலே இருக்கும், மேஜை விளிம்புக்குச் சரியாக இணையாக, சிவப்பு நாடா முடிச்சு என் வலதுகைப் பக்கமாக. ஒருநாள்கூட அவர் வாயைத் திறந்து அதைப்பற்றிக் கேட்டதில்லை. கேட்காதவரைத்தான் நம்பக்கூடாது. உள்ளே இருப்பது ஒரு தூக்குத்தண்டனைக் கைதியின் கருணை மனு. செல்லப்பன், வயது முப்பத்தொன்று, மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி, தமிழன். எஸ்டேட் சூப்பர்வைசர் லோபோ என்பவரைக் கிளை கழிக்கிற கவாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்றான். கோர்ட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன, திங்கட்கிழமை விடியலுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தண்டனையை ஆயுளாகக் குறைக்கலாம் என்று மந்திரிசபை எனக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் அவன் இருப்பான். பதினோரு நாளாக நான் இந்தக் கோப்பில் படித்தது எல்லாம் ஓரத்துச் சுருக்கொப்பங்களைத்தான், தேதிகளைத்தான். சட்டத் துறையிலிருந்து உள்துறைக்கு ஒரு நாள், உள்துறையிலிருந்து முதலமைச்சர் மல்லேசப்பாவுக்கு ஒரு நாள். அவர் அரசாங்கத்தில் இரண்டு நாளில் நகர்ந்த கோப்பு வேறு எது? ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட இவர்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். இதற்கு முன்னால் நாலு கருணை மனுக்களை இதே மந்திரிசபை நிராகரித்து அனுப்பியது, நாலிலும் நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். அந்த நாலு பேர் பெயரும் எனக்கு ஞாபகமில்லை. இவன் மேல் மட்டும் என்ன கருணை?

மல்லேசப்பாவுக்கு என்னை ஆகாது. நான் டெல்லி அனுப்பின ஆள், அவர் டெல்லியை எதிர்த்து ஜெயித்த ஆள், அவ்வளவுதான் எங்களுக்குள் சண்டை. ஆனால் குடியரசு தினத் தேநீர் விருந்தில் தோட்டத்தில் என் பக்கத்தில் நின்று பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டே, உங்க ஊர்ப் பக்கம் இப்போ எப்படி, மழை உண்டா என்று கேட்டாரே, அது ஏன். அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டதா. அந்த மலைத் தாலுகாவில் தை மாசம் இடைத்தேர்தல் வருகிறது. நான் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலைப் பத்திரிகை எனக்கு இப்போதே கண்ணில் தெரிகிறது: நம் மண்ணின் பிள்ளையை வெட்டிக் கொன்ற தமிழனைத் தமிழ் கவர்னர் காப்பாற்றினார். மந்திரிசபை சொல்லித்தான் போட்டார் என்பது ஏழாம் பக்கத்தில் வரும், வந்தால். சரி, போடாமல் நிராகரிக்கிறேன் என்று வைத்துக்கொள். திருநெல்வேலி ஜங்ஷனில் போஸ்டர் ஒட்டுவான். அம்பாசமுத்திரத்து அழகியநம்பி தன் ஜனத்தில் ஒருவனைத் தூக்கில் போட்டான் என்பான். இரண்டு பக்கமும் கதவு வைத்து இரண்டு கதவுக்குப் பின்னாலும் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். இதை யோசித்தவன் மல்லேசப்பா இல்லை, அவருக்கு இவ்வளவு மூளை கிடையாது, யாரோ கூட இருந்து செய்கிறார்கள், என்னை நன்றாகத் தெரிந்தவர்கள். இதை நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. எனக்காக ஒருத்தர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

ஆனால் மூன்றாவது கதவு ஒன்று உண்டு, அது நான் கண்டுபிடித்தது. கோப்பின் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதித் திருப்பி அனுப்புவேன். தமிழில் சொன்னால் ‘விளக்கம் தேவை’. மந்திரியாக இருந்த பத்து வருஷமும் அந்த இரண்டு சொல்லால்தான் வாழ்ந்தேன். முடியாது என்று யாருக்கும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. எதற்கு விளக்கம் என்று எழுதமாட்டேன், அவர்களே யோசிக்கட்டும். யோசித்து, பயந்து, பழைய காகிதங்களைத் தேடி, இன்னொரு குறிப்பு எழுதி, அது திரும்பி வருவதற்குள் ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும், கேட்டவன் ஊரைவிட்டுப் போயிருப்பான். இன்று எழுதினால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்தக் கோப்பு எங்கேயாவது ஒரு அலமாரியில் தூங்கும். திங்கட்கிழமை தானாக வந்து போய்விடும். என் கை எதிலும் பட்டிருக்காது. நேற்று சாயங்காலம் டெல்லியிலிருந்து போனில் பேசின அந்தக் குரலும் இதைத்தான் சொல்லிற்று என்று இப்போது தோன்றுகிறது. பெரிய பதவியில் இருக்கிறவர், நிதானமான குரல். “நம்பிஜி, அந்த எஸ்டேட் விஷயம். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?” அவ்வளவுதான். அப்புறம் என் முழங்கால் வலி எப்படி என்று கேட்டார். அப்புறம், உங்கள் அடுத்த நியமனம் பற்றிப் பேச்சு இருக்கிறது, நல்லதாகவே பேசுகிறார்கள் என்றார். என் முழங்கால் வலி பற்றி நான் டெல்லியில் யாரிடமும் சொன்னதில்லை. ஆவுடையிடம்தான் சொன்னேன், தைலம் போடும்போது. என் மனைவி முப்பத்தெட்டு வருஷமாக என்னோடு இருக்கிறாள், அவள் யாரிடம் சொன்னாள்? கேட்டால் சிரிப்பாள். படி ஏறும்போது நீங்க கைப்பிடியப் பிடிக்கிறத உலகமே பார்க்குதே என்பாள். அப்படியும் இருக்கலாம்.

அப்பா அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் அமீனா. சம்மன், ஜப்தி உத்தரவு, இதெல்லாம் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அந்தக் காக்கிப்பை தெருமுனையில் தெரிந்ததுமே கதவுகள் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். அவுக ஊர்ல இல்ல என்று பெண்கள் உள்ளேயிருந்தே சொல்வார்கள், அவுக செருப்பு நடையில் கிடக்கும். அப்பா அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவில் காகிதத்தை ஒட்டிவிட்டு வருவார். எங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். தீபாவளிக்கு யாராவது பலகாரம் கொடுத்துவிட்டால் அம்மா முதலில் கேட்பது, அவுக பேர்ல கோர்ட்ல ஏதாவது இருக்கா என்றுதான். இருந்தால் தட்டு அப்படியே திரும்பிப் போகும். அநேகமாக இருக்கும். நான் சாப்பிடாத அதிரசங்களை எண்ணினால், வேண்டாம், இப்போது அது எதற்கு. பத்தரை ஆகிவிட்டது. வராந்தாவில் யாரோ நின்று நின்று நடக்கிறார்கள். நரஹரியாக இருக்கும். உள்ளே வரவும் மாட்டார், போகவும் மாட்டார்.

குற்றாலிங்கம் அண்ணாச்சி ஏன் வந்தார்? சம்பந்தமே இல்லாமல் இது வரும். பல் தேய்க்கும்போது வரும், பட்டமளிப்பு விழாவில் வரும், கொடி ஏறும்போது வரும். அண்ணாச்சியிடம்தான் நான் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்தேன். கட்சிக்குள் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான், நகரசபைத் தேர்தலில் என்னை நிறுத்தி, தன் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் தெருத்தெருவாகச் சுற்றினவர். அமீனா மகனுக்கா ஓட்டு என்று கேட்டவர்களிடம், இவன் வந்தா கதவத் தொறந்து வைங்கவே, இவன் காகிதம் கொண்டு வரமாட்டான் என்று சொன்னவர். பிறகு கட்சி இரண்டாக உடைந்தபோது, மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம், அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், நான் எழுந்து எதிர்ப்பக்கம் போனேன். அதற்கு முந்தின நாள் ஒருவர் என்னிடம் வந்து, உங்க அண்ணாச்சி ரகசியமா அந்தப் பக்கம் பேசி முடிச்சிட்டார், உங்களத்தான் நடுத்தெருவுல விடப்போறார் என்று சொல்லியிருந்தார். நான் அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், இல்லை என்றால் நம்பமுடியுமா. அவர் எந்தப் பக்கமும் பேசியிருக்கவில்லை. அந்தக் கூட்டம் முடியும்போது அவர் பக்கத்தில் ஆறு பேர் இருந்தார்கள். எனக்கு மந்திரிப் பதவி வந்தது. எட்டு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை, கோட்டையில் என் அறைக்குப் பார்வையாளர் சீட்டு ஒன்று வந்தது. பெயர், குற்றாலிங்கம். ஊர், அம்பாசமுத்திரம். வந்த காரணம் என்ற இடத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில், சும்மா பார்க்க.

சும்மா பார்க்க. கோட்டைக்கு எவன் சும்மா பார்க்க வருகிறான்? என்ன கேட்கப்போகிறார், யார் அனுப்பினார்கள், வாசலில் போட்டோக்காரன் எவனாவது நிற்கிறானா, மூத்த தலைவர் மன்னித்தார் என்று நாளைக்குப் போடுவானா, இல்லை பழைய கடிதம் எதையாவது கையில் வைத்திருக்கிறாரா. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் போய்விட்டார். நான் விடவில்லை, சி.ஐ.டி.யில் ஒருவரை வைத்து விசாரிக்கச் சொன்னேன், அவர் சென்னைக்கு எதற்கு வந்தார், யாரைப் பார்த்தார் என்று. மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. எழும்பூரில் இறங்கினார். லாட்ஜில் குளித்தார். கோட்டைக்கு வந்தார். திரும்பும் வழியில் கடற்கரையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். இரவு ரயிலில் ஊர் திரும்பினார். வேறு யாரையும் சந்திக்கவில்லை. அறிக்கையை நான் இரண்டு தடவை படித்துவிட்டு ஓரத்தில் விளக்கம் தேவை என்று எழுதினேன். சத்தியமாக எழுதினேன். அந்த சி.ஐ.டி.க்காரர் என்ன செய்வார் பாவம். ஐந்து மாசத்தில் அண்ணாச்சி இறந்துபோனார். துஷ்டிக்குப் போனபோது அவர் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஏதாவது சொல்வானா என்று. வந்தியளா, இருங்க, காபி சாப்பிடுங்க என்றான். அப்புறம் ராஜ்யசபா, அப்புறம் ஒருநாள் டெல்லியிலிருந்து போன் வந்தது, உங்களைக் கவர்னராக அனுப்புகிறோம் என்று. வாழ்த்துக்கள் என்று சொன்ன அத்தனை பேரும் நிம்மதியாக இருந்தார்கள். தமிழ்நாட்டில் இனிமேல் இவன் இல்லை என்கிற நிம்மதி. எனக்கு அது கேட்டது. பெரிய வீடு, நூற்றிருபது வேலையாட்கள், கார் முன்னால் ஒரு சைரன், நடுவில் ஒன்றும் செய்யமுடியாத ஒரு ஆள்.

அப்புறம் இந்தக் கடிதங்கள். இடது இழுவறையில் தனியாக வைத்திருக்கிறேன், பதினேழு. எல்லாம் செல்லப்பனின் மனைவி பேச்சித்தாய் அனுப்புவது, ஒவ்வொன்றின் கீழும் அதே பெருவிரல் ரேகை, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. ஒன்று தமிழில் பென்சிலால், ஒன்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், மூன்று இந்த மாநிலத்து மொழியில், ஒன்று சிவப்பு மையில், அது தொழிற்சங்கக்காரன் நடை, முழக்கம் மாதிரி. பதினொன்றாவது கடிதம் ஆங்கிலத்தில். கான்வென்ட் கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. அதில் ஒரு வரி: இவரும் போய்விட்டால் எஸ்டேட்டில் இரண்டு விதவைகள் இருப்போம், அதனால் முதலாமவளுக்கு என்ன கிடைக்கும். காப்பிக் கொட்டை பறிக்கிறவள் எழுதுகிற வரியா இது? நாற்பது வருஷம் காகிதம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா? யாரோ உட்கார்ந்து வகுப்பு எடுத்து நடத்துகிற பிரசாரம் இது, பின்னால் ஒரு வக்கீல் இருக்கிறான், அந்த வக்கீலுக்குப் பின்னால் மல்லேசப்பா இருக்கிறார். அவள் ஒன்பது நாளாக ராஜ்பவன் வாசலுக்கு எதிரில் வந்து நிற்கிறாள். யார் அவளைக் கூட்டிவந்து விடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். அறிக்கை வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சத்திரத்தில் படுக்கிறாள். காலையில் ஒரு டீ, ஒரு பன். பஸ்ஸில் வருகிறாள். யாரையும் சந்திக்கவில்லை. யாரையும் சந்திக்கவில்லை என்ற வரியைப் படித்ததும் அறிக்கையைக் கவிழ்த்து வைத்தேன், ஏன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

பதினொன்றே காலுக்குப் பொன்னப்பா வந்தார். கேப்டன் பொன்னப்பா என் ஏ.டி.சி., ராணுவத்திலிருந்து என் கூடவே இருப்பதற்கென்று அனுப்பப்பட்டவர், தமிழ்நாட்டில் வெலிங்டன் முகாமில் இருந்ததால் தமிழ் பேசுவார். அந்த அம்மா இன்னைக்கும் வந்திருக்காங்க சார், மழையில நிக்கறாங்க என்றார். இன்றைக்கு ஏன் சொல்கிறார், தினமும் நிற்கிறாள்தானே, இவரும் அதில் சேர்த்தியா. உள்ளே கூட்டிவாருங்கள் என்றேன். இரக்கப்பட்டு இல்லை. நேருக்கு நேர் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் உண்மையைக் கறந்துவிடலாம், குறுக்கு விசாரணையில் நான் கெட்டிக்காரன். அவள் வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், இருபத்தாறு இருபத்தேழு இருக்கும், சேலை நனைந்து ஒட்டியிருந்தது, யாரோ கொடுத்த காக்கித் துண்டால் தலையை மூடியிருந்தாள். கம்பளத்தைப் பார்த்துவிட்டு அதில் ஏறாமல் ஓரத்துத் தரையிலேயே நின்றாள். கும்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இழுவறையைத் திறந்து கடிதங்களை மேஜைமேல் பரப்பினேன்.

“இதெல்லாம் நீ அனுப்பினதுதானா?”

“ஆமாய்யா.”

“யார் எழுதினது?”

“எனக்கு எழுதத் தெரியாதுய்யா. யாரு கெடைக்காவளோ அவுககிட்ட கேப்பேன். எழுதிக் குடுப்பாவ. இது ஆஸ்பத்திரி கம்பவுண்டர். இந்தப் பென்சிலு லாரி டிரைவரு, ஒரு கட்டஞ்சாயா குடிக்க நின்னாவ, அப்பம் எழுதினது. செவப்பு மை சங்கத்துக்காரர். அவரு நான் சொல்லாததையும் எழுதிட்டாருன்னு பெறகு படிச்சவுக சொன்னாவ.”

“இது?” பதினொன்றாவது கடிதத்தை எடுத்து அவள் பக்கமாக நீட்டினேன். “இந்த இங்கிலீஷ் லெட்டர். இது எந்த வக்கீல்?”

அவள் காகிதத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள். “அது லோபோ அய்யா வீட்டம்மா எழுதினது. எஸ்டேட்டு பள்ளியொடத்துல டீச்சரு.”

செத்துப்போனவரின் மனைவி. அவள் கணவனை இவள் கணவன் வெட்டினான். பொன்னப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதுவும் யாரோ சொல்லிக்கொடுத்ததுதான், இதைவிடச் சரியாக ஒரு வரியை எவனும் சொல்லிக்கொடுக்க முடியாது, கச்சிதமாக இருக்கிறது, கச்சிதமாக இருப்பதெல்லாம்…

“இப்படிச் சொல்லச் சொல்லி உன்கிட்ட யார் சொன்னது?”

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. பொன்னப்பாவைப் பார்த்தாள். “யாரும் சொல்லலய்யா. நான்தான் போனேன். வெளிய யாரும் அன்னைக்குக் கெடைக்கல, தபாலு போற நாளு. கதவத் தட்டினேன். தொறந்தாவ. எழுதணும்னு சொன்னேன். உள்ள போயி பேனா எடுத்துட்டு வந்தாவ.”

“அவங்க ஏன் எழுதினாங்க?”

“தெரியாதுய்யா.”

“நீ கேக்கலயா?”

“எழுதிக் குடுக்கவுககிட்ட ஏன்னு எப்படிய்யா கேக்கது.” அப்புறம், “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு அந்த அம்மாவும் வீட்டுல இருந்தாவ. ஜீப்பு குடுக்கச் சொல்லி அய்யாகிட்ட அவுகளும் சொல்லிருக்காவ. அது எனக்கு இந்த லெட்டர் எழுதின அன்னைக்குத்தான் தெரியும். எழுதி முடிச்சப்புறம் சொன்னாவ” என்றாள். எந்தப் பிள்ளை, என்ன ஜீப் என்று நான் கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். கோப்பில் இருக்கும். பதினோரு நாளாக என் மேஜைமேல் இருக்கிறது. என்னைத் தவிர இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். “போய்ட்டு வாரேன்யா” என்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருக்கவில்லை, கேட்கவும் இல்லை. தரை ஓரமாகவே நடந்து போனாள், வராந்தா நீளத்துக்கும் ஈரக்கால் சுவடு விழுந்திருக்கும்.

நாடாவை அவிழ்த்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது, தட்டச்சில், ஒரு பத்தி. எதிரியின், அதாவது செல்லப்பனின், நான்கு வயதுப் பெண் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரி இருபத்திரண்டு மைல். எஸ்டேட் ஜீப்பை இறந்தவர் தர மறுத்தார். குழந்தை வழியில் இறந்தது. மூன்று நாள் கழித்து எதிரி, என்று போகிறது. மூன்று நாள் காத்திருந்து செய்தான் என்பதால்தான் தூக்கு. மூன்று நாளும் வேலைக்குப் போயிருக்கிறான், ஆஜர் பட்டியலில் கையெழுத்து இருக்கிறது. அந்த மூன்று நாளும் லோபோவின் மனைவி வீட்டுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. மல்லேசப்பா ஏன் இரண்டு நாளில் அனுப்பினார் என்றும் இல்லை. அவருக்கும் பேத்தி ஒன்று உண்டு, அது ஒரு காரணமா, அல்லது தேர்தல்தானா, தெரியவில்லை. இது பொறியாகவே இருக்கலாம். பொறி இல்லை என்று யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டிவிடவில்லை. பேனாவைத் திறந்தேன். வலது கை மூன்றாவது கதவுக்குத்தான் போனது, அத்தனை வருஷப் பழக்கம், ஓரத்தில் அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை, ‘சி’ என்கிற அந்த அரைவட்டத்தை, போட்டேவிட்டேன். மை காய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சும்மா பார்க்கத்தான் வந்திருப்பாரோ. ரயில் ஏறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து, லாட்ஜில் குளித்துவிட்டு, தான் சைக்கிளில் வைத்து ஓட்டின பையன் மந்திரி நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக. அப்படியும் ஒரு மனிதர் இருந்திருக்கலாம் என்றால் நான் வாழ்ந்த இந்த நாற்பது வருஷத்தில் இன்னும் எத்தனை பேர், எத்தனை தட்டு. அந்த அரைவட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அடித்தல் இல்லாமல் நான் அனுப்பின கோப்புகளில் இது சேராது. கீழே, ஆலோசனையை ஏற்கிறேன் என்று எழுதி, முழுப்பெயரையும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். பன்னிரண்டு மணி நாலு நிமிஷம் என்று நேரமும் போட்டேன், அது தேவையில்லாவிட்டாலும்.

மணியடித்ததும் நரஹரி உள்ளே வந்தார், கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கவேண்டும். கோப்பை வாங்கி, பார்த்து, அந்த அடித்தலையும் பார்த்தார். முகத்தில் இப்போதும் ஒன்றும் இல்லை. “காரணம் எதுவும் எழுதவில்லையே சார். டெல்லியிலிருந்து கேட்டால்?”

“கேக்கட்டும்.”

“என்ன சொல்லட்டும்?”

“தெரியலன்னு சொல்லுங்க.”

அவர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் கொஞ்சதூரம் வரைக்கும் சாதாரணமாக நடக்கிற சத்தம், அப்புறம் ஓடுகிற சத்தம். நரஹரி ஓடி நான் கேட்டதில்லை. ஏன் ஓடுகிறார் என்று உடனே தோன்றிற்று. ஒரு மணிக்கு அலுவலகம் மூடிவிடும், சிறைக்கு ஆள் புறப்படவேண்டும், அதற்காகத்தான் ஓடுகிறார், வேறு எதற்கு ஓடுவார், என்று எனக்கு நானே சொல்லவேண்டியிருந்தது. இப்படித்தான் இனிமேல் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது. எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்குப் போனேன். தோட்டம், இரும்புக் கதவு, சாலை, சாலைக்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாப். கூரை இல்லாத ஸ்டாப். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது. ஏறவில்லை. யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று உடனே மனசு சொல்லிற்று, இப்போது ஒரு கார் வரும், வக்கீல் இறங்குவான், என்ன சொன்னார் கிழவர் என்று கேட்பான். இன்னொரு பஸ் வந்தது, கையைக் கொஞ்சம் தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். அதுவும் போயிற்று. கார் எதுவும் வரவில்லை. மூன்றாவது பஸ்ஸும் போனதும் பொன்னப்பாவைக் கூப்பிட்டேன்.

“அந்தப் பொண்ணு ஏன் ஏறாம நிக்குது? யாருக்குக் காத்திருக்கு?”

அவர் ஜன்னலில் வந்து பார்த்தார். “போர்டு படிக்கத் தெரியாது சார். யார்கிட்டயாவது கேட்டுத்தான் ஏறுவாங்க. மழையில ஸ்டாப்ல யாரும் இல்ல.”

தொப்பியை எடுத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார், “நான் போய் எந்த பஸ்ஸுன்னு சொல்லிட்டு வரட்டுமா சார்?”

“கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்லுங்க. திங்கக்கிழமை ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுங்க. அப்புறம் பஸ்ஸையும் சொல்லுங்க.”

அவர் தயங்கினார். உத்தரவு சிறைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் வெளியே சொல்லக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார், நான் நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று. பிறகு குடைகூட எடுக்காமல் போனார். தோட்டத்தின் குறுக்கே, தங்கச் சரிகைக் கயிறு தோளில் ஆட, அவர் ஓடுவதை இங்கிருந்து பார்த்தேன். காவலாளி அவசரமாகக் கதவைத் திறந்தான். பொன்னப்பா சாலையைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றார். என்னவோ சொன்னார். கையை ஆட்டித் திரும்பவும் சொன்னார். அவள் அப்படியே நின்றாள். பிறகு காக்கித் துண்டைத் தலையிலிருந்து எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில், சாலையோரத்தில் உட்கார்ந்தாள். பொன்னப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஒரு பஸ் வந்தது, நின்றது, ஹாரன் அடித்துப் பார்த்தது. இரண்டு பேரும் அசையவில்லை. பஸ் போய்விட்டது.